பீச் மரத்துக்கு இடப்பக்கம்

வெர்னோ ஊரில் அமெதேயின் பேச்சை எடுத்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவருடைய ஒயினைப் புகழ்வார்கள். சிரிப்புக்குக் காரணம் அவர் வாய். ஒயினுக்குக் காரணம் தன் கை என்று அந்த வாயே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

"மண்ணு மட்டம், கை ஒசத்தி," என்பார், ஒயின் வாங்க வருகிறவர்களிடம். "நல்ல மண்ணைத் தங்கச்சி அமுக்கிட்டா. கழிச்சுப் போட்டதுலயே நான் இப்படிப் பண்றேன்னா, அந்த மண்ணு மட்டும் கிடைச்சிருந்தா என்னைப் பிடிக்க முடியுமா?"

அந்தத் தங்கச்சி லூசெத். சரிவில் இருந்த ஒரே தோட்டத்தை அப்பா சாகும் முன் இரண்டாகப் பிரித்தார். நடுவில் கோணலாக ஒரு பீச் மரம். ரோட்டில் நின்று மேலே பார்த்தால் இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தங்கைக்கு. வலப்பக்கத்துக் கொடிகளில்தான் முதல் வெயில் விழும், பழமும் முதலில் கறுக்கும். அமெதேக்கு அது போதாதா? பத்திரம் எழுதிய அன்று எல்லார் முன்னாலும் கத்தினார்: "அப்பாவுக்கு சூப்பு ஊத்தி ஊத்தியே நல்ல பாதியை வாங்கிட்டா!"

லூசெத் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. பிப்ரவரிக் குளிரில் இருவரும் அவரவர் பக்கம் கொடி கவாத்து செய்து, வெட்டிய குச்சியை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டு எரிப்பார்கள். புகை ஒன்றாகக் கலந்து போகும், மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷ அறுவடைக்கு அமெதே முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு சோபாவில் கிடந்தார். வேலையை ஏற்றுக்கொண்டவர் மாப்பிள்ளை புரூனோ. லியோனில் வங்கி வேலை, திராட்சையைத் தட்டில் மட்டும் பார்த்த மனிதர்.

"பீச் மரத்துக்கு இடப்பக்கம் பூரா நம்மது, மாப்பிள்ளை. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனது மேலே காட்டோரப் பாதை வழியாக. அங்கே நின்று பார்த்தால் இடப்பக்கம் லூசெத்தினுடையது. மத்தியானத்துக்குள் ஒரு குலை விடாமல் அறுத்து, அமெதேயின் தொட்டியில் கொட்டியாகிவிட்டது.

சாயங்காலம் லூசெத் வாசலில் வந்து நின்றார். சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க. எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா காசைக் கொடுத்துடறோம்," என்றார் புரூனோ.

"காசு யாருக்கு வேணும்? என் பழம் உங்க மாமா தொட்டியில. அவர் பழம் என் தொட்டிக்கு வரட்டும். இந்த ஊர் வழக்கம் அதுதான்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அமெதே மூன்றடி தூரத்தில்தான் படுத்திருந்தார். "சம்மதம்னு அவகிட்ட சொல்லுங்க, மாப்பிள்ளை," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மனுஷனுக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். கேட்காமலே நல்ல மண் வீடு தேடி வந்துவிட்டது! முழங்கால் வலி எங்கே போனதோ, தடியை ஊன்றிக்கொண்டு தொட்டிக்கும் சோபாவுக்கும் நடையாய் நடந்தார். அந்தப் பழத்துக்கென்றே புதுப் பீப்பாய் வாங்கினார். ஊரார் வாயைப் பிளக்கப் போகும் நாளை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

முதல் குளிர்காலத்தில் எடுத்துக் குடித்துப் பார்த்தார். மெலிவாக, கொஞ்சம் புளிப்பாக இருந்தது. குளிர் அப்படி என்றார். கோடையில் புதுப் பீப்பாயைத் திட்டினார். மறுகுளிர்காலம் வந்தபோது திட்டுவதற்கு எதுவும் பாக்கி இல்லை. குறை சொல்ல முடியாத ஒயின்தான், ஆனால் விழுங்கினால் அதோடு சரி, வாயில் ஒன்றும் நிற்கவில்லை. அத்தனை வருஷம் பீற்றிக்கொண்ட கை இந்த முறை எங்கே போயிற்று என்று அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் பொறுக்க மாட்டாமல், கோட்டை மாட்டிக்கொண்டு தங்கையின் நிலவறைக்குப் போனார். லூசெத் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து ஒரு கிளாஸில் விட்டு நீட்டினார்.

மூக்கருகே கொண்டுபோனதுமே அமெதேக்குத் தெரிந்துவிட்டது. கறுப்புச் செர்ரி, அதன் அடியில் மழையில் நனைந்த கல். ஒரு வாய் குடித்தார். விழுங்கி வெகுநேரம் ஆகியும் அது நாக்கைவிட்டுப் போகவில்லை. அவருடைய ஒயின். வருஷா வருஷம் ஊரே புகழ்ந்த அதே ஒயின், தங்கையின் பழைய பீப்பாயிலிருந்து வந்திருக்கிறது.

"நல்ல பாதி என்கிட்டதான் இருந்திருக்கு," என்றார்.

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அப்பா குழி தோண்டிக் காட்டினாரே. உன் பக்கம் களிமண்ணு ஆழம், அடியில நல்ல சுண்ணாம்புக் கல்லு. யாருக்கு எதுன்னு என்னைத்தான் கேட்டாரு. அண்ணனுக்கு மூணு பிள்ளைங்க, அதை அவனுக்கே கொடுங்கப்பான்னேன்."

"அன்னைக்கு நான் அப்படிக் கத்தினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லிக் காட்டினா அது பிச்சை போட்ட மாதிரி ஆயிடாதா? அண்ணன் ஒயின்காரன், என்னோடதை ஒரு வாய் குடிச்சா தானா தெரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"நீ எனக்குக் கொடுக்கவே இல்லையே!"

"உன் முதல் பேத்தி ஞானஸ்நானத்துக்கு ரெண்டு பாட்டில் அனுப்பினேன், அண்ணா. நீ திறக்காமலே திருப்பி அனுப்பிட்ட."

அமெதேக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. வாசல்வரை வந்த பாட்டில்களை, விருந்தாளிகள் முன்னால், ஒரு கிண்டலும் சேர்த்து அவர்தான் திருப்பி அனுப்பியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது வெட்கத்தில் முகம் எரிந்தது, அழுகையும் வந்தது. மிச்சத்தையும் குடித்துவிட்டு, கிளாஸை மறுபடி தங்கையிடம் நீட்டினார்.