பத்து லட்சத்து ஒன்பதும் நானும்

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்து மூன்று வாங்கித் தறிக்குழியில் இறங்கியவன் நான். என் மனைவி ரோசம்மாளின் தம்பி பவுல்துரை செய்யாரில் கணக்கு வாத்தியார். ஆரணிக்கு வரும்போதெல்லாம் அந்த முப்பத்து மூன்றை நலம் விசாரிக்காமல் போகமாட்டான். ஒரே ஒரு தடவையாவது இவன் முன்னால் கணக்கில் ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

எழுபத்தாறில் 1000009-ஐப் பிடித்தேன். முதலில் ஒன்று, கடைசியில் ஒன்பது, நடுவில் என் மூளையைப் போல வெறும் பூஜ்யம். இதை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது, இது பகா எண் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றைப் பழைய பாடப் புத்தகத்திலிருந்து கிழித்துத் தறிமரத்தில் ஒட்டினேன். கை தறியின் ஊடே இழை நாடாவை ஓட்டும், மனசு வகுக்கும். மீதி வந்து ஓர் எண் தோற்றால் கழிவுப் பட்டிழையில் ஒரு முடிச்சு. மறுநாள் முடிச்சுகளை எண்ணி, பட்டியலில் விட்ட இடத்தைப் பிடிப்பேன். நடுவில் ஈஸ்டருக்குப் பத்து நாள் தறி நின்றது.

பட்டியல் முடிந்தது, 1000009 பகா எண்தான் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் பவுல்துரையிடம் மார்தட்டினேன். பொங்கலுக்கு அவன் வந்தான்.

"மாமா, உங்க நம்பரு ஒடைஞ்சி போச்சி. இருநூத்தி தொண்ணூத்தி மூணால வகுங்க, மூவாயிரத்து நானூத்தி பதிமூணு வருது."

பெருக்கிப் பார்த்தேன். பாவி, சரியாகத்தான் இருந்தது.

இழையை எடுத்து எண்ணினேன். என் முடிச்சுகள் புளியங்கொட்டை மாதிரி இருக்கும். அறுபத்திரண்டாவது முடிச்சு மட்டும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக இருந்தது. அறுந்த இழையை ரோசம்மாள் சேர்க்கும் முடிச்சு. ஈஸ்டருக்கு வீடு கூட்டும்போது அறுந்திருக்கும்; பார்த்தவள் சும்மா விடுவாளா? அதையும் என் முடிச்சாக எண்ணி, பட்டியலில் அறுபத்திரண்டாவதான 293-ஐத் தாண்டி 307-க்குப் போயிருக்கிறேன். வகுத்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. வாயைத் திறந்தால் மானம் பிழைக்கும்.

ரோசம்மாளும் முடிச்சைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று.

"எங்க மாமா தப்பு வுட்டீங்க?" என்றான் பவுல்துரை.

"எனக்கு வகுத்தல் எப்பப்பா வந்துச்சி?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பு களம்பூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் பஸ் ஏறியதும் ரோசம்மாள் கேட்டாள்: "என்னாலதான்னு ஏங்க சொல்லல?"

"சொன்னா உன்னையும் சேத்து சிரிப்பான்."

"நீங்க வகுத்ததெல்லாம் சரிதானே. நாளைக்கே போயி அவன்கிட்ட நான் சொல்லிட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம். உனக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன், பெரிய மகான் மாதிரி. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கோ, அவள் கொஞ்சம் பிடிவாதம் பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வரமாட்டாளா என்று இருந்தது. அவள் போகவில்லை. என் பேச்சை அவள் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.