காது வெச்ச வாசக்கால்

என்ற மருமவ மௌனிகாவப் பத்திச் சொல்லோணும்னா எங்க ஊடு கட்டுன கதையைத்தான் சொல்லோணும். வாளையாருக்கு இந்தப் பக்கம், சித்தூருக்குக் கெழக்க எங்க தோட்டம். போன ஆடியில, கர்க்கடக மழையில பழைய மண்செவுரு சரிஞ்சு எங்கூட்டுக்காரரு பொங்கியண்ணன் கால் மேலயே உழுந்துருச்சு. மனுசன் பொழைச்சதே பெருசு. அதுலருந்து மாட்டுச்சாளையில ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் நாங்க. அடுத்த மழைக்குள்ள தலைக்கு மேல ஒரு கூரை வேணும்.

மௌனிகா கல்யாணத்துக்குப் பொறவும் காலேஜு போறா. சிவில் இஞ்சினீரிங், கடைசி வருசம். "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு கமலாத்தா சிமெண்டும் கம்பியும்"னு ஒறம்பரைச் சனமெல்லாம் கேட்டாங்க. "உங்கூட்டுச் சோத்தத் தின்னுட்டா படிக்கறா?"ன்னு ஒரே போடு போட்டேன்.

அவதான் சொன்னா: "அத்தை, செங்கல் வெச்சுக் கட்டுனா மழைக்குள்ள முடியாதுங்க. செவுரு, கூரையெல்லாம் கம்பெனியிலயே வார்த்துக் கொண்டாந்து, கிரேன்ல எறக்கி மாட்டிக்கலாங்க. இதத்தான் இந்த வருசம் படிக்கறோம்."

அட சாமி, ஊட்டையே கடையில வாங்கற காலமான்னு எனக்குச் சிரிப்பு. ஆனா ஒண்ணு கறாராச் சொல்லிப்போட்டேன். நல்ல நேரத்துல பூசை பண்ணி மொதல்ல வாசக்கால் நிக்கோணும், அதுக்குப் பொறவுதான் செவுரு.

அவ படிச்ச மொறையில செவுரு முன்னாடி, கதவு பின்னாடியாம். வேற புள்ளையா இருந்தா, இந்தக் கெழவிக்கு என்ன தெரியும்னு போயிருக்கும். இவ வாத்தியாருகூட உக்காந்து படத்தையே மாத்திப் போட்டா. வாசக்கால் நிக்கும், கதவுக்கு எடம் உட்ட செவுரு மேல இருந்து சட்டை மாட்டுற மாதிரி அது மேல எறங்கும். எனக்காக இத்தனை மெனக்கெட்டாளேன்னு அன்னைக்கே மனசு குளுந்துபோச்சு.

அந்த நாளும் வந்துது. எங்க பலாமரத்துல ஆசாரி செஞ்ச வாசக்கால நிறுத்தி, மஞ்சப் பூசி, பொட்டு வெச்சுக் கும்புட்டாச்சு. செவுரு ஏத்துன லாரியும் வாளையார் தாண்டி வந்துருச்சு. கிரேன் செவுத்தத் தூக்கி எறக்குனா, பாதியிலயே நின்னுக்கிச்சு. பாத்தா, மேல்சட்டத்துல ரெண்டு பக்கமும் சாணளவு வெளிய நீட்டிக்கிட்டுக் காது! செங்கச் செவுத்துல புடிச்சுக்கறதுக்கு எங்க பக்கம் எப்பவும் அப்பிடி நீட்டி உடறதுதான். இந்தச் செவுத்துக்குக் காது ஆகாதுன்னு ஆசாரிக்கு ஆரும் சொல்லலை, வாசக்காலுக்குக் காது இருக்கும்னு இவளுக்கும் ஆரும் சொல்லலை.

"பூசை போட்ட மரத்துல ரம்பம் வெக்கமாட்டனுங்க"ன்னு ஆசாரி கையக் கட்டிக்கிட்டாரு. மானத்துல வேற மேகம் கருகருன்னு கூடுது. பொழுதோட கெளம்பிருவேன்னு கிரேன்காரரு கத்தறாரு.

"செவுத்துல கொஞ்சம் வெட்டி உட்டுரு கண்ணு"ன்னேன்.

"முடியாதுங்கத்தை. கூரை பாரம் அந்த எடத்துலதான் உக்காருது. நீங்க எங்கூடப் பேசாமயே போனாலும் செரி, வெட்டமாட்டனுங்க. அதுக்குக் கீழ மாமா படுக்கோணும்."

ஊரு முன்னால எதுத்துப் பேசறாளேன்னு எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. கயித்துக்கட்டில்ல கால நீட்டிக் கெடந்த அவரையும் பாத்தேன், அவளையும் பாத்தேன். அட, எங்கிட்ட நல்ல பேரு வாங்கோணும்னா ஒரு வெட்டு வெட்டிட்டுப் போயிருக்கலாமே! நான் வெறுத்தாலும் செரின்னு அவருக்காக நிக்கறா. பெத்த மக இப்பிடி நிப்பாளா?

செவுத்த அக்கட்டத் தள்ளச் சொல்லிப்போட்டு, ஆசாரி ரம்பத்தப் புடுங்கி, ஸ்டூல் மேல ஏறி ரெண்டு காதையும் நானே அறுத்தேன். "சாமி, கோவம்னா எம்மேல காட்டு, என்ற மருமவளத் தொடாத"ன்னு வாய்விட்டே சொன்னேன். செவுரு அம்சமா எறங்கி உக்காந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள மத்த செவுரும் நின்னு, கூரையும் ஏறிருச்சு. அன்னைக்குக் கொட்டுன மழைக்கு ஒரு சொட்டு உள்ள எறங்கலை.

குடி போற அன்னைக்கு ஊட்டுக்கு மூத்தவ மொதல்ல நொழையறது எங்க வழக்கம். நான் நெறகொடத்த மௌனிகா கையில குடுத்தேன். "நீங்கதானுங்கத்தை போகோணும்"னு பின்னால போனா.

"நட கண்ணு. உங்க மாமன் உசுருக்குக் காவல் நின்னவ நீ. உம்பின்னால நாங்க வாறோம்."

கண்ணத் தொடச்சுக்கிட்டு வலதுகால எடுத்து வெச்சா. அவரும் ஊனுகோலப் புடிச்சுட்டு அவ பின்னாலயே போனாரு.