இடது கை அம்மாவுக்கு, வலது கை அத்தைக்கு

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் மணிக்கட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. அந்தக் கைக்கடிகாரக் கடையில் மற்ற விற்பனையாளர்கள் சரக்கைப் பெட்டியோடு எடுத்து வைத்துவிட்டு, வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர் தன் கையிலேயே கட்டி, விளக்குக்கு அடியில் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவார். வாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி மாற்ற வந்தவர்கூடப் புதுக் கடிகாரத்தோடுதான் வெளியே போவார். ஏன் வாங்கினோம் என்பது வீட்டில் மனைவி கேட்கும்போதுதான் அவருக்கு உறைக்கும்.

இப்படிக் கையை வைத்துப் பிழைக்கிற மனிதரின் இரண்டு மணிக்கட்டிலும் தோல் சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. பட்டைகளின் உலோகம் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாளைக்கு எதையும் கட்டாதீர்கள் என்றார் டாக்டர். விலை சொல்லிக்கொண்டே இவர் சொறிவதை முதலாளி இரண்டு நாள் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"வர்றவங்க கடிகாரத்தைப் பார்க்கறதா, உங்க கையைப் பார்க்கறதா? ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க. ஆறிடுச்சுன்னா கவுண்டர். இல்லைன்னா உள்ரூம்ல உட்கார்ந்து பேட்டரி மாத்துங்க."

உள்ரூம் என்றால் சுவரைப் பார்த்த மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, பேச்சுத்துணைக்கு ஒரு டேபிள் ஃபேன். சம்பளம் குறையாது. ஆனால் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஜெயில் தண்டனையாகப் பட்டது.

வீட்டில் அவருடைய அம்மாவும் இருந்தார், மாமியாரும் இருந்தார். இரண்டு பேரும் வாய் நிறைய 'சம்பந்தி, சம்பந்தி' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை முட்டிக்கொள்வார்கள். கையைக் கண்டதும் இருவருக்கும் உயிர் வந்தது.

"வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினா எந்த அரிப்பும் ஓடிடும்டா," என்றார் அம்மா.

"தடிச்ச தோல்ல வேப்பிலை எரியும் மாப்பிள்ளை. கத்தாழையைச் சீவி, பாலை வடியவிட்டு, சோத்தை நல்லாக் கழுவிப் போட்டா ஜில்லுன்னு இருக்கும்," என்றார் அத்தை.

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், சம்பந்தி."

"வேலை செய்யட்டும் சம்பந்தி. கை மிஞ்சணுமில்ல?"

அவர் மனைவி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டியபடியே பாகப்பிரிவினை செய்து வைத்தாள். "இடது கை அம்மாவுக்கு. வலது கை அத்தைக்கு. யார் கை முதல்ல ஆறுதோ அவங்க ஜெயிச்சாங்க. நான் சாயங்காலம் வந்து பார்க்கறேன்." அவள் பெற்றவளையும் மாமியாரையும் அம்மா என்றே கூப்பிடுகிறவள் என்பதால் அதற்குள்ளும் ஒரு குழப்பம் வந்து, அவரே இடது கையைத் தன் அம்மாவிடமும் வலது கையை அத்தையிடமும் நீட்டித் தீர்த்துவைத்தார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு ராஜ உபசாரம். காலையில் இடது கையில் பச்சை விழுது ஏறும், வலது கையில் கற்றாழை வழியும். ஒருவர் பூசும்போது மற்றவர் ஏதோ பாத்திரம் தேடுகிற மாதிரி வந்து எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். மணிக்கட்டு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். எழுந்து பார்த்தால் இடது கையில் விழுதைக் காணோம், வழவழவென்று இருக்கும். வலது கையில் மஞ்சள் ஏறியிருக்கும். தூக்கத்தில் ஒன்றோடொன்று உரசியிருக்கும் என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். கேட்டால் பஞ்சாயத்து வரும். லீவில் இருக்கிற மனிதனுக்கு அது தேவையா?

வாரக் கடைசியில் அரிப்பு அடங்கியது, தடிப்பும் வற்றியது. குணப்படுத்தியது வேப்பிலையா, கற்றாழையா, அல்லது ஒரு வாரம் கடிகாரம் கட்டாமல் இருந்ததா என்று அந்த வீட்டுக்குள் போய்க் கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

திங்கட்கிழமை கவுண்டரில் நின்றார். ஒரு தம்பதி தங்க நிறக் கடிகாரம் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். பழைய மிடுக்கோடு வலது கையில் கட்டித் திருப்பினார். அப்போது கண்ணாடிக்கு வெளியே அம்மா நிற்பது தெரிந்தது. காய் வாங்கப் போவதாகச் சொன்ன அம்மா. வாசலின் இன்னொரு ஓரத்தில் அத்தை. அவர் மூக்குக்கண்ணாடி சரிசெய்யப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் சுவர்க்கடிகாரங்களை வேடிக்கை பார்ப்பதுபோல் மெல்ல உள்ளே நழுவினார்கள்.

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். அந்தப் பெண் அவர் கையை உற்றுப் பார்த்தாள். "இதென்ன, கலர் கையில இறங்கியிருக்கே? கட்டி ரெண்டு நிமிஷம்கூட ஆகலை."

விளக்கு வெளிச்சத்தில் மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அது கற்றாழை போட்ட கை. மஞ்சள் எப்படி வந்தது என்பதற்கு என்ன சொல்வார்? கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "இன்னும் ஆறலையா? அதை வெச்சுட்டு உள்ரூம் போங்க."

"அவனை அனுப்பாதீங்க," என்றார் அம்மா, பின்னாலிருந்து. "அது கடிகாரத்துச் சாயமில்லைங்க. நான் பூசின மஞ்சள்." சம்பந்தி இருக்கிற பக்கம் திரும்பாமலே மேலே சொன்னார். "அந்தக் கை அவங்களுக்குன்னு விட்டது. தூங்கறப்போ திருட்டுத்தனமாப் பூசினேன். ஒரு கையை மட்டும் பார்த்துக்கோன்னா பெத்தவளுக்கு எப்படி மனசு வரும்?"

ஊர் நடுவில் அம்மா தன் தப்பை ஒப்புக்கொண்டதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. இனி வீடு தாங்காது என்று நினைத்தார்.

"தெரியும் சம்பந்தி," என்றார் அத்தை. "மஞ்சள் வாசனை எனக்குத் தெரியாதா? நான் மட்டும் என்ன, தினமும் இடது கையை எண்ணெய் தொட்டுத் துடைச்சுட்டுக் கத்தாழைதான் வெச்சேன்."

"அதுவும் தெரியும்," என்றார் அம்மா. "எரியாம தூங்கறானேன்னு விட்டுட்டேன்."

அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கடிகாரத்தைத் தன் கையில் கட்டிப் பார்த்து, "சரி, இது என்ன விலை?" என்று கேட்டாள்.

மணிக்கட்டு அம்மாவுக்கும் அத்தைக்கும் ஸ்டூல் எடுத்துப் போடப் போயிருந்தார். முதலாளிதான் விலை சொன்னார்.