தலை இடிக்காத வண்டி

போடியில் கார்ப்பெட் கழுவிப் பிழைக்கிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஏலக்காய் ஊரில் கார்ப்பெட் எங்கேயிருந்து வந்தது என்பார்கள். போடிமெட்டைத் தாண்டி ஒரு மழைக்காலம் தங்கிப் பார்த்தால் தெரியும். மேலே விடுதி விடுதியாகக் கட்டி, தரை தெரியாமல் கார்ப்பெட் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூடுபனிக்கும் சாரலுக்கும் அது நனைந்த நாய் மாதிரி நாறத் தொடங்கிவிடும். தரையோடு ஒட்டியதை உரித்துச் சுருட்டிக் கீழே கொண்டுவரவும் முடியாது. அப்போது கூப்பிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். வெகுகாலமாக அந்த ஆள் ஜஹாங்கீர் பாய்தான். கூடவே அவர் மனைவி ரசியா.

ஜஹாங்கீர் துபாயில் ஒரு ஓட்டலில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, பழைய உறிஞ்சு மெஷின் ஒன்றோடு ஊர் திரும்பியவர். பனைமரம் மாதிரி உயரம். ரசியா சாக்குக் கடைக்காரர் மகள். பக்கத்தில் நின்றால் அவர் தோளுக்குக்கூட வர மாட்டாள். கல்யாணமான புதிதில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பியதோடு சரி. வேலைக்கு வைத்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அன்றைக்குத் தானே போய் லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். "எம் பொண்டாட்டி எங்கூடத்தான வர்றா, ஒங்களுக்கு என்னா நோவுது?" என்று ஜஹாங்கீர் ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார்.

வண்டிதான் வாய்க்கவில்லை. திறந்த லோடு வண்டி. அதில் கயிறு போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் தொட்டி, அதன் மேல் ஓஸ் சுருள், மெஷின், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் மூட ஒரு தார்ப்பாய். மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும், முடிந்ததும் ஏற்ற வேண்டும். கழுவுவதை விட இந்தச் சோலிதான் அதிகம். கொண்டை ஊசி வளைவில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். "தண்ணி சாயுது ரசியா, கெட்டியாப் பிடிச்சுக்க" என்பார் ஜஹாங்கீர். அவள் வண்டியைப் பிடிக்க மாட்டாள், அவர் சட்டையைப் பிடிப்பாள்.

எல்லாம் உள்ளேயே பொருத்திய பெட்டி வண்டி ஒன்று கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைசியில் வெறும் சேஸிஸாக ஒரு வண்டி எடுத்து, தேனி ரோட்டில் பாடி கட்டுகிற மாரீஸ்வரன் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். அளவு சொல்ல மறுவாரம் போவதாக இருந்தது. அதற்குள் ஒருநாள் விடியற்காலைத் தொழுகைக்குக் கைகால் கழுவக் குழாயடிக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ரசியா அழவில்லை. கம்பத்தில் கட்டிக் கொடுத்திருந்த மகள் ஷம்னா ஓடிவந்து தாயின் மார்பில் விழுந்து கதறியபோதும் அவளுக்குக் கண் கலங்கவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப் போகுமே, அப்படித்தான் நெஞ்சு மரத்துக் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் சேற்றுக் காலோடு கூடத்து விரிப்பில் நடந்தார்கள். இந்தக் கறை வெந்நீருக்கே போய்விடும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மண் போட்டதை அவள் பார்க்கவில்லை. பார்க்காதது நடந்ததா இல்லையா என்பதில் அவள் மனசுக்கு ஏதோ ஒரு குழப்பம் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் இத்தா. புருஷனை இழந்தவள் சில மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம். வெள்ளைச் சேலையும் ஜன்னல் திரையுமாகப் பொழுது போயிற்று. கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒருநாள் குழம்பில் உப்பே இல்லை என்று ஷம்னா தன் தட்டை ஒதுக்கினாள். ரசியா அதே குழம்பை ஊற்றித் தின்று முடித்திருந்தாள்.

அந்த நாட்களில்தான் மாரீஸ்வரனிடமிருந்து போன் வந்தது. சேஸிஸ் வெயிலில் நிற்கிறது, பாய் அளவே சொல்லாமல் போய்விட்டாரே, என்ன செய்ய என்று கேட்டார்.

ஜஹாங்கீரின் தம்பி முபின் வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்பு ஓட்டுகிறவன். அண்ணன் அளவுக்கே உயரம், அதே முதுகு. அண்ணன் பெண்டாட்டியை அந்த வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பெட்டியெல்லாம் வேணாம் மச்சி. தொறந்த பாடியாக் கட்டுனா நான் ஏலக்கா லோடு அடிக்கிறேன். மாசம் ஆனா ஒங்க கைக்கு ஏதாச்சும் வந்துரும். கார்ப்பெட் வேலைய இனி யாரு பாக்குறது?"

அவனுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நியாயமாகத்தான் கேட்டான்.

"பெட்டியே கட்டட்டும்" என்றாள் ரசியா. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

முபின் யோசித்து ஒரு வழி சொன்னான். "சரி. இத்தா முடியட்டும். மேல ஒரு நடை நானே ஓட்டிட்டு வர்றேன். வேலை ஒங்களால முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா டிரைவர் போட்டுக்கலாம். முடியலன்னா பெட்டியக் கழட்டிட்டு நான் எடுத்துக்கிறேன். சரியா?"

சரி என்று தலையாட்டினாள். திரைக்கு இந்தப் பக்கம் தலையாட்டினால் அவனுக்கு எப்படித் தெரியும்? ஷம்னாதான் "சரிங்குறாங்க சின்னத்தா" என்று சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

பட்டறைக்குப் போக முடியாதவள் வீட்டுக்குள் இருந்துகொண்டே வண்டி கட்டினாள். ஷம்னா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொள்வாள். மறுமுனையில் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே மாரீஸ்வரன் கத்துவார்.

"நீளம் பதினாலு அடி போட்டுருவமா பாயம்மா? தாராளமா இருக்கும்."

"வேணாம்ணே. போடிமெட்டு வளைவுல ஒரே வெட்டுல திரும்பாது. பின்னால ஜீப்புக்காரங்க ஆரன் அடிச்சே கொன்னுருவாங்க. பத்தடி போதும்."

"கதவு பின்னாடிதான?"

"பக்கத்துல வைங்க. மேல எல்லா வாசலும் சரிவு. வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்கும். பின் கதவத் தொறந்தா சாமானெல்லாம் வழுக்கிட்டு வெளிய வந்துரும்."

நல்ல தண்ணீர்த் தொட்டி எவ்வளவோ அழுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அவ்வளவு இருக்க வேண்டும் என்றாள். கழுவின சோப்புத் தண்ணீரைப் போகிற வழியில் திறந்துவிட்டால் ஏலச்செடி வேர் கருகிப் போகும் என்று எஸ்டேட்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு சொட்டு விடாமல் கீழே கொண்டுவந்துதான் கொட்ட வேண்டும். தொட்டிக்குள்ளே தடுப்புத் தகடு வைக்கச் சொன்னாள், தண்ணீர் சாயாமல் இருக்க. எல்லாம் தெளிவாக, அடுக்களைச் சாமான் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள். அம்மா தேறிவிட்டாள் என்று ஷம்னா நினைத்தாள். பாவம், அவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்.

கூரை உயரத்துக்குத்தான் மாரீஸ்வரன் கொஞ்சம் மல்லுக்கட்டினார். "இம்புட்டு ஒசரம் வேணாம் பாயம்மா. வளைவுல காத்து தள்ளும். அரையடி கொறைப்போம்."

"கொறைச்சா தலை இடிக்கும்ணே."

யார் தலை என்று அவர் கேட்கவில்லை. முபின்தான் ஓட்டப் போகிறான், அவன் தலையைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் ஒரு தகடு சேர்த்து வெட்டினார்.

கடைசியாக, ஓஸ் மாட்டுகிற கொக்கி எந்த உயரத்தில், மோட்டார் சுவிட்ச் எந்த உயரத்தில் என்று கேட்டார். "இருங்கண்ணே" என்று ரசியா எழுந்து போனாள். படுக்கையறைச் சுவரில் ஜஹாங்கீர் சட்டை மாட்ட அடித்திருந்த ஆணி இருந்தது. வேலை முடிந்து வந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி அதில் போடுவார். கைக்கு அவ்வளவு வாகான உயரம். ரசியா அடுக்களையிலிருந்து முக்காலியை எடுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, தரையிலிருந்து ஆணி வரைக்கும் டேப் பிடித்தாள். அந்த அளவைச் சொன்னாள். முக்காலியை எடுத்த இடத்தில் வைத்தாள்.

இத்தா முடிந்து வெளியே வந்தபோது வண்டி வாசலில் நின்றது. சந்தன நிறத்தில் பெட்டி. பக்கவாட்டில் ஜஹாங்கீர் கார்ப்பெட் வாஷ் என்று எழுதியிருந்தது. தெருவே வந்து பார்த்து நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றது. ரசியாவும் நல்லாயிருக்கு என்றாள். யாருடைய வண்டியையோ பார்ப்பதுபோல இருந்தது.

முதல் வேலை, மலைக்கு மேலே ஒரு விடுதியில் விருந்துக் கூடம். முபின் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் ரசியாவின் கை தானாக எழுந்தது. தண்ணீர் சாயவில்லை. தடுப்புத் தகடு வேலை செய்கிறது என்று தெரிந்தது. பிடிக்க ஒன்றுமில்லாமல் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

விடுதி வாசலில் வண்டியை நிறுத்தியதும் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஓஸை எடுக்கக் கையைத் தூக்கினாள். எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். விரலுக்கும் கொக்கிக்கும் நடுவே நாலு விரல் அகலக் காற்று. சுவிட்சுப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே இன்னொரு தலை உயரத்துக்கும் அதிகமாகக் கூரை வரை காலியாக இருந்தது.

"என்னா மச்சி, எட்டலையா? தள்ளுங்க." முபின் உள்ளே ஏறினான். அவன் தலை கூரையில் இடிக்கவில்லை. சொல்லி வைத்து அளந்ததுபோல நின்றது. அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையைப் போட்டு ஓஸை எடுத்தான். பின்னாலிருந்து பார்க்கையில் அது ஜஹாங்கீரின் முதுகு, ஜஹாங்கீரின் கை.

"அப்பவே சொன்னேன்ல. இது ஆம்பள ஆளு அளவுக்குக் கட்டுன வண்டி. ஒங்களால முடியாது மச்சி. விட்ருங்க, நான் பாத்துக்கிறேன்."

ஆம்பள ஆளுக்குக் கட்டினது இல்லை. ஒரே ஓர் ஆளுக்குக் கட்டினது. சுவரில் ஆணி, அடியில் முக்காலி, அதன் மேல் தான் ஏறி நின்றது எல்லாம் இப்போதுதான் அவள் கண்முன் வந்தன. முக்காலி போட்டு ஏறியவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை மாதமும் அவர் வந்து ஏறுவதற்கு ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முபின், அத எடுத்த எடத்துலயே மாட்டு."

"என்னாது?"

"மாட்டுன்னா மாட்டு."

அவன் மாட்டினான். ரசியா மூலையில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று ஓஸை எடுத்தாள். சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் ஓடியது. அன்றைக்குக் கூடம் முழுக்க அவள்தான் கழுவினாள். ஓஸ் எடுக்க, மாட்ட, மோட்டாரை நிறுத்த, போட என்று எத்தனையோ தடவை வாளியில் ஏறி இறங்கினாள். முபின் கதவோரம் நின்று பார்த்தான். அப்புறம் அவனாகவே வாளி நகராமல் காலால் அணைத்துக்கொண்டான்.

வேலை முடிந்து அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டு, பெட்டிக்குள் நின்றபடியே மாரீஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கொக்கி, சுவிட்சு எல்லாத்தையும் எறக்கணும்."

"ஏன் பாயம்மா? நீங்க சொன்ன அளவுதான வச்சேன்?"

"ஆமாண்ணே. அது அவரு அளவு."

மாரீஸ்வரன் பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார் போலிருக்கிறது. "நாந்தான் கேட்டிருக்கணும்" என்றார். "இப்ப எம்புட்டு ஒசரத்துல வைக்க?"

ரசியா வெறுந்தரையில் நேராக நின்று, குதிகாலைத் தூக்காமல் கையை நீட்டி, விரல் பட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். "கோடு போட்டுருக்கேன். நாளைக்குக் கொண்டாந்து விடுறோம். வெரசா முடிச்சுக் குடுங்க."

"சரி பாயம்மா." கொஞ்சம் தயங்கினார். "மேல ஒரே ஒரு கொக்கிய மட்டும் விட்டு வைக்கவா? பாய் ஞாபகமா இருக்கட்டும்."

"வேணாம்ணே. எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றாள் ரசியா. "அம்புட்டு ஒசரத்துல எட்டி எடுக்க இனிமே ஆளு இல்ல."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.