பஸ்தியானின் கதவுக்கு மாதச் சந்தா

பஸ்தியான் மாதம் தவறாமல் சந்தா கட்டி வந்த இடங்கள் இரண்டு. ஒன்று மீனவர் சங்கம், மற்றது மரணாதாரச் சங்கம். முதலாவதில் வருடத்துக்கு ஒரு கூட்டமும், அந்தக் கூட்டத்தில் ஒரு சண்டையும் கிடைக்கும். இரண்டாவதில், ஆள் செத்தால் வீட்டுக்குக் கூடாரமும் கதிரைகளும் வரும். கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டிலும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக் கதவுக்கு, அதுவும் முழுக் காசையும் கொடுத்து வாங்கிப் பொருத்திய கதவுக்கு, மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பதா கோபிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் அவருக்குக் கைவந்த கலை என்பதால் கோபித்தார்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பஸ்தியானுக்கும் கத்தரினாவுக்கும் ஒரே மகள், ஷானிகா. இத்தாலியில் ஒரு வயதான சீமாட்டியைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் அனுப்பிய காசில்தான் கற்பிட்டி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருந்த பழைய ஓலை வீடு கல்வீடாக மாறியது. வீட்டோடு சேர்த்து ஒரு வாகனக் கொட்டகையும் கட்டச் சொன்னாள். திரும்பி வந்ததும் ஒரு வேன் வாங்கி அதில் விடுவது அவளுடைய திட்டம். வேன் இன்னும் வரவில்லை. போனவளும் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. ஆகவே கொட்டகையில் பஸ்தியானின் படகு எஞ்சினும், வலைகளும், மீன் போடும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளும், கத்தரினாவின் தேங்காய்க் குவியலும் வசதியாகக் குடியிருந்தன.

கொட்டகைக்குப் பாலாவியிலிருந்து வந்த பையன்கள் ரோலர் கதவு பூட்டினார்கள். சுவரில் ஒரு பொத்தான், கையில் வைத்துக்கொள்ள ஒரு ரிமோட். இவை போதாதென்று, இத்தாலியில் இருக்கும் ஷானிகாவின் போனிலிருந்தும் அதைத் திறக்கலாம், மூடலாம். பூட்டிய அன்று பாதி ஊர் வந்து பார்த்தது. ஷானிகா அங்கிருந்து ஒரு தட்டுத் தட்ட, கதவு உறுமிக்கொண்டு மேலே போனது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பஸ்தியானும் தட்டினார், அதை அவர் பிறகு ஒப்புக்கொள்வதில்லை.

முதல் வருடம் எல்லாம் இலவசம். வருடம் முடிந்ததும் கொம்பனிக்காரன் சுயரூபத்தைக் காட்டினான். பொத்தானும் ரிமோட்டும் எப்போதும்போல் வேலை செய்யும். ஆனால் தூரத்திலிருந்து திறப்பதற்கும், சொன்ன நேரத்தில் கதவு தானாக மூடுவதற்கும், கதவு திறந்ததும் மூடியதும் போனுக்குச் செய்தி வருவதற்கும் இனிமேல் சந்தா கட்ட வேண்டும்.

பஸ்தியான் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அலசினார். தூரத்திலிருந்து திறப்பது ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டிருந்தது. கத்தரினா ரிமோட்டையும் வீட்டுத் திறப்பையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே மாட்டிக்கொண்ட அன்று, ஷானிகாதான் அங்கிருந்து திறந்துவிட்டாள். கத்தரினா அந்தக் கதையைத் தலவில் கோயில் அன்னம்மாள் செய்த புதுமைகளோடு சேர்த்து ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார். தானாக மூடுகிற வசதி இன்னும் மோசம். ஒரு மாலை பஸ்தியான் கொட்டகைக்குள் பாதியும் முற்றத்தில் பாதியுமாக வலையை விரித்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தபோது கதவு தன்பாட்டில் இறங்கி வலையின் மேல் உட்கார்ந்துகொண்டது. அன்று அவர் கதவைத் திட்டிய திட்டு பக்கத்து வளவுவரை கேட்டது. மூன்றாவது வசதியைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கதவைத் திறக்கிறவரே அவர்தான், திறந்தால் அவருக்குத் தெரியாதா?

பஸ்தியானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலுக்குப் புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்தக் கரையில் பலரும் பார்க்கிற சகுனம்தான் அது. மற்றவர்கள் கேட்டதும் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்தியான் போக மாட்டார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்வார். ஷானிகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு விடியற்காலை வாசலில் நின்று, “அப்பா எப்ப வருவீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் போகவில்லை. அன்று பார்த்து மற்றப் படகுகளுக்கெல்லாம் பாரை மீன் அள்ளிக்கொண்டு வந்தது. “என்ட மகள் வாயத் திறந்தா, பாரை பக்கத்துப் போட்டுக்குப் போயிரும்” என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. கடலுக்குப் போன் கொண்டுபோகும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. ஒன்று கொண்டுபோய், அது தண்ணீருக்குள் போய்விட்டது. அதோடு சரி.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, கத்தரினாவின் போனில் நடந்தது.

“மகள், அந்தக் கதவுச் சல்லிய நிப்பாட்டு” என்றார் பஸ்தியான்.

“அது கொஞ்சந்தானே அப்பா.”

“கொஞ்சமோ கூடவோ, நீ அங்க ஒரு கிழவியக் குளிப்பாட்டி உழைக்கிற சல்லி. அதக் கொண்டு போய் ஒரு தகரத்துக்குக் குடுக்கிறதா?”

“கள்ளன் வந்தாத் தெரியுமே. எஞ்சின் களவு போகுதெண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“கள்ளன் வந்தா நீ இத்தாலியில இருந்து ஓடி வந்து பிடிப்பியா?”

கத்தரினா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அது பஸ்தியானுக்கு உற்சாகத்தைக் கொடுத்தது. கதவு, கொம்பனி, பாலாவிப் பையன்கள் என்று ஒருவரையும் விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபக்கத்தில் ஷானிகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, வேற என்ன சொன்னாலும் கேக்கிறன். இத மட்டும் விடுங்க. நான் ஒரு வருசத்துக்கே சேத்துக் கட்டிட்டன்.”

பஸ்தியானுக்குச் சுருக்கென்றது. மகள் அவருடைய சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவர் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு காசும் அவளை ஒருநாள் முந்தி வீட்டுக்குக் கொண்டு வரும். அந்தக் காசைத்தான் அவள் தகரத்துக்குக் கொடுக்கிறாள். எதற்காக? அப்பன் கதவைச் சரியாகப் பூட்டுகிறானா என்று வேவு பார்ப்பதற்கா?

“சரி. அப்ப கதவ நீயே வெச்சுக்கொள். என்ட எஞ்சின் இனி அந்தக் கதவால உள்ளுக்குப் போகாது. அன்னம்மா சத்தியம்.”

போனைக் கத்தரினாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஒரு சிக்கல். எஞ்சின் ஏற்கனவே கொட்டகைக்குள் இருந்தது. பஸ்தியான் கொஞ்ச நேரம் யோசித்தார். சத்தியம் உள்ளே போவதைப் பற்றியது, வெளியே வருவது அதில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். தங்கையின் மகன் கிளைட்டன்தான் படகில் அவருக்குக் கூட்டாளி. இருவரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடல் அன்று நல்ல மாதிரி இருந்தது. மீனும் மோசமில்லை. திரும்பி வரும்போது பஸ்தியான் படகை வழக்கமான இடத்தில் ஏற்றவில்லை. கரையின் மறு கோடியில், கிளைட்டனின் வீட்டுக்கு நேரே ஏற்றச் சொன்னார். எஞ்சினைக் கிளைட்டனின் கொட்டிலுக்குள் வைத்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.

“மாமா, இது கொஞ்சம் ஓவர்” என்றான் கிளைட்டன்.

“நீ போய்ப் படு.”

கிளைட்டன் போய்ப் படுத்தான். படுத்தால் அவனைக் கிளப்புவது லேசான காரியமில்லை. கத்தரினா முதல் பஸ்ஸிலேயே சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தார். வீட்டில் ஆள் இல்லை என்று பஸ்தியான் நேரே வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், பாணும் சம்பலும் வாங்கி வைத்துக்கொண்டு, கதவுச் சந்தா எப்படிப்பட்ட பகல் கொள்ளை என்பதை அங்கிருந்தவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். கேட்டவர்களில் ஒருவரிடமும் அப்படி ஒரு கதவு கிடையாது. அதனால் எல்லோரும் அவர் பக்கம்தான்.

இரண்டாவது பிளேன்டீ வந்தபோது கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. மீனவர் சங்கத்துச் செயலாளர் யூட்டின் குரல். “பஸ்தியான் அண்ணன் விடியமுன்னம் தொழிலுக்குப் போனவர், இன்னும் கரைக்கு வரல்ல. போட் உள்ளவங்க எல்லாரும் உடன கரைக்கு வாங்க.”

கடையில் பேச்சு நின்றது. அந்தக் கரையில் பஸ்தியான்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இதோ பாண் தின்றுகொண்டிருக்கிறார். மற்றொருவர் மாதக்கணக்காகப் படுக்கையில். மிஞ்சுகிறவர் வடக்குத் துறைப் பஸ்தியான், ஒரு போத்தலை உள்ளே இறக்கிவிட்டுக் கடலில் இறங்குகிற ஆள்.

“எனக்குத் தெரியும், அந்தாள் ஒருநாள் இப்படித்தான் செய்வான்” என்று சொல்லிக்கொண்டே பஸ்தியான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கடையே அவர் பின்னால் ஓடியது.

கரையில் இரண்டு படகுகள் புறப்படத் தயாராக நின்றன. பஸ்தியான் போனதும் போகாததுமாகப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கயிறு எடுக்கச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சொன்னார், நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, அந்தப் பக்கம் தேடுங்கள் என்று கத்தினார். அவரோடு சண்டை பிடித்துப் பல மாதமாக முகம் பார்க்காதவன்தான் அந்த வடக்குத் துறை ஆள். ஆனாலும் கடலில் ஒருவன் சிக்கி நிற்கிறான் என்றால் அந்தக் கரை அப்படித்தான், யாருக்கும் வேறு நினைப்பு வராது. பஸ்தியான் முதல் படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்.

யூட் படகுக்குள் குனிந்து டாங்கிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் கத்திவிட்டு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நிமிராமலே சொன்னான்: “பாவம், மகள்தான் இத்தாலியில இருந்து எடுத்துக் கதறிட்டு இருக்கு. தாய்ட போன் வேலை செய்யுதில்ல, கிளைட்டன் எடுக்கிறானில்ல. நான் போய்க் கொட்டகை யன்னலால பாத்தன், எஞ்சினும் இல்ல.”

“எந்த மகள்?” என்றார் பஸ்தியான், தள்ளிக்கொண்டே. “அந்தாளுக்கு இருக்கிறது ரெண்டும் பொடியனுகள்தானே?”

யூட் நிமிர்ந்து பார்த்தான். எண்ணெய்க் கேன் கையிலிருந்து நழுவியது.

கரையில் எழுந்த சிரிப்பையும் ஏச்சையும் இங்கே எழுத முடியாது. சிலர் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு கிழவர், “செத்தவன் தன்னையே தேடி வந்திட்டான்” என்று ஓங்கிச் சொன்னார். யூட் போனை நீட்டினான். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

“மகள்” என்றார் பஸ்தியான்.

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு ஏச்சு. ஷானிகா தன் அப்பாவை வாழ்க்கையில் முதல் தடவையாக ஏசினாள், அதுவும் ஊர் கேட்க, யூட்டின் போன் உரத்த சத்தத்தில் இருந்ததால்.

“கதவு திறக்கல்லையே அப்பா! போகும்போது திறந்திச்சு, பிறகு திறக்கவே இல்ல. ஒவ்வொரு நாளும் நீங்க போற சத்தம் போன்ல கேட்டாத்தான் நான் படுக்கிறன். திரும்பி வந்த சத்தம் கேட்டுத்தான் எழும்புறன். இங்க இருட்டு. அந்தச் சத்தம் வராம நான் என்னெண்டு எழும்பி வேலைக்குப் போறது?”

“அத நீ எனக்குச் சொல்லலாமே புள்ள” என்றார் அவர்.

“என்னெண்டு சொல்ற? எப்ப வருவீங்கண்டு கேக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க. நான் உங்களக் கேக்கல்ல அப்பா. கதவத்தான் கேட்டன்.”

பஸ்தியானுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமும் கடலுக்குப் போய்த் திரும்பியவர், திரும்பிவிட்டேன் என்று யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. கத்தரினாவிடம்கூட இல்லை. வந்த மனிதனைப் பார்த்தாலே தெரியும்தானே என்று இருந்துவிட்டார். இத்தாலியில் இருப்பவள் எப்படிப் பார்ப்பாள் என்பதை அவர் நினைத்ததே இல்லை.

“வந்திட்டன் மகள்” என்றார். “சுகமா வந்திட்டன். நீ அழாத.”

யூட்டின் போனைக் காதில் வைத்தபடியே கரையின் மறு கோடிக்கு நடந்தார். யூட்டும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. கிளைட்டனை இரண்டு உதை உதைத்து எழுப்பினார். மூன்று பேரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அன்னம்மாளிடம் வருகிற ஞாயிறு மெழுகுதிரி கொளுத்தி மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக வழியிலேயே முடிவாயிற்று.

“மகள், அந்தக் கதவுச் சல்லி. இனி அத நான் கட்டுறன். எங்க கட்டுறதெண்டு சொல்லு.”

“அதெல்லாம் கார்ட் இருந்தாத்தான் அப்பா. உங்களால கட்டேலாது” என்றாள் ஷானிகா. அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

“அப்ப கொம்பனிக்காரன இஞ்ச வரச் சொல்லு. கையில குடுக்கிறன்.”

எஞ்சினை வாசலில் இறக்கி வைத்தார்கள். பஸ்தியான் சாரத்தின் மடிப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார். கதவு உறுமிக்கொண்டு மேலே போனது. அவர் உள்ளே போகாமல், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வந்திச்சா?”

“வந்திச்சு அப்பா.”

“அப்ப எழும்பு மகள். விடிஞ்சிட்டுது.”