கண்கட்டு வகுப்பில் ஒரு கை

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்குத் தெரியும். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து, நரம்பு தேடி, ஊசி குத்துவதுதான் என் பிழைப்பு. கண்டதற்கெல்லாம் மிரளுகிற ஆளாக இருந்தால் முதல் வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும் மனிதர். அவரிடம் சொல்ல ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். என் கண்ணே பட்டுவிட்டது போல. ஊர் எல்லையில் இருக்கும் சின்னக் காட்டில் பெரியவர்களுக்கு இயற்கை வகுப்பு நடக்கிறது, சனிக்கிழமை மாலைகளில் போகப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றார். வீட்டுத் தொட்டிச் செடி வாடி வதங்கினாலும் திரும்பிப் பார்க்காத மனிதர்! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது. வகுப்பு முடிந்து வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி. எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நகத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கைக்குப் பூசும் கிரீம் வாங்கி வந்தார். மூன்று வருடமாகக் கிரீஸ் கறையோடு என் தோளைத் தொட்ட கை அது. எனக்காக ஒருநாள் ஒழுங்காகத் தேய்த்துக் கழுவியதில்லை. காட்டுக்குப் போகக் கிரீம் கேட்கிறது!

"அங்க அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டேன்.

"கண்ணைக் கட்டிட்டு மரத்தைத் தொட்டுத் தெரிஞ்சுக்கறது."

"அதுக்கு எதுக்குக் கையை மினுக்கறீங்க?"

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவங்களுக்குச் சொரசொரன்னு இருக்கக் கூடாதுல்ல."

"யாரு கூட்டிட்டுப் போறது?"

"தெரியாது. அதான் கண்ணைக் கட்டிடறாங்களே." கிரீம் டப்பாவை மூடிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "ஆனா எப்பவும் ஒரே கைதான்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யார் அவள்? மறுநாளே பணம் கட்டி நானும் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நடத்துபவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். மழை வரும்போல இருந்ததால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, தலையை மூடும் பச்சை மழைக்கோட்டு கொடுத்தார். பாதிப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். மீதிப் பேரில் ஒவ்வொருவரும் ஒருவரைக் கைபிடித்து ஏதாவது ஒரு மரத்திடம் கூட்டிப்போய்த் தொடவிட்டு, மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டை அவிழ்க்கலாம். தன்னை யார் அழைத்துப் போனது என்று கடைசிவரை தெரியக் கூடாது. பேச்சும் கூடாது. கையை ஒருமுறை அழுத்தினால் நில். இரண்டு முறை அழுத்தினால் முன்னால் பள்ளம். கள்ளத்தனத்துக்கு இதைவிட வசதியாக ஒரு வகுப்பை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நான் மரத்தையா பார்த்தேன்? அங்கிருந்த பெண்களின் கைகளைப் பார்த்தேன். பல் டாக்டரின் கை கையுறை போட்டுப் போட்டு வறண்டிருந்தது. வங்கியில் வேலை பார்ப்பவளுக்குக் கோழிக்கு இருப்பது போல நீண்டு வளைந்த நகம். தையல்காரம்மாவின் விரலெல்லாம் ஊசித் தழும்பு. இவர்களில் எவளுக்காக என் வீட்டுக்காரர் கிரீம் பூசினார் என்று எனக்குப் புரியவே இல்லை.

அவருடைய இடம் வரிசையின் இடது ஓரம், ஒரு பெரிய மரத்தடி. கண்ணைக் கட்டப் போகும்போது அவருக்கு போன் வந்தது. ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் நின்றுவிட்டதாம். பேசிக்கொண்டே வாசல் கேட்டுப் பக்கம் போனார்.

எனக்கு அப்போது அந்த யோசனை வந்தது. நான் அழைத்துப் போகும் கூட்டத்தில் இருந்தவள். யாருக்கும் தெரியாமல் தலையை மூடிக்கொண்டு, துணியைக் கட்டிக்கொண்டு, அவர் இடத்தில் போய் நின்றேன். வரட்டும் மகராசி. கையைப் பிடிக்கட்டும். கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன்.

டீச்சர் ஒருமுறை கைதட்டினார். அப்போது மணி ஐந்து ஐம்பது.

வலப்பக்கம் சருகுகள் நொறுங்கின. ஒவ்வொரு ஜோடியாக நகர்ந்து போவது கேட்டது. என் பக்கம் சத்தமே இல்லை...

திடீரென்று என் கைக்குள் ஒரு கை வந்தது.

மெல்லிய கை. விரல்களை என் விரல்களுக்கிடையே கோத்துக்கொண்டது. கட்டைவிரல் என் புறங்கையை மெதுவாக வருடியது. வழி காட்டுபவள் பிடிக்கிற பிடியா அது? என் புருஷன் கையை இப்படியா வாரா வாரம் பிடித்துக்கொண்டிருந்தாள்! துணியை அப்போதே அவிழ்த்திருக்க வேண்டும். எங்கேதான் கூட்டிப்போகிறாள் என்று பார்த்துவிடும் வெறியில் கூடவே நடந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது உறைத்தது. சரக்... சரக்... சரக்... நடப்பது ஒருவர் மட்டும்தான். அது நான்.

நாள் முழுக்க மனிதர்களை ஒட்டி நின்று வேலை செய்பவள் நான். ஒவ்வொருவரிடமும் ஒரு வாசம் இருக்கும். வியர்வை, சோப்பு, ஏதாவது ஒன்று. இவளிடம் ஈரக் கல் வாசம் மட்டும் வந்தது.

கை வேறு சில்லிட்டிருந்தது.

பழக்க தோஷம். என் விரல் தானாக அவள் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் போனது. ஆயிரம் கையில் பிடித்துப் பார்த்த இடம், தவறவே தவறாது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்...

ஒன்றும் இல்லை.

அந்தக் கை நின்றது. அதற்கும் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. என் கை சின்னது. அவர் கையில் பாதிதான் இருக்கும்.

தெரிந்துகொண்டது.

பிடி இறுகியது. இழுத்தது. நான் மறு கையால் கண்கட்டை அவிழ்க்கப் போனேன். அந்த மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டது.

காலடியில் தரை சரிந்தது.

அழுத்திச் சைகை காட்டவே இல்லை...

சளக். என் காலில் பட்ட கல் உருண்டு எங்கோ ஆழத்தில் தண்ணீரில் விழுந்தது.

குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன்.

"விடு! அவளை விட்டுடு!"

என் வீட்டுக்காரரின் குரல்.

கைகள் விட்டன. உடனே. மெதுவாக. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை போல.

துணியைப் பிடுங்கினேன். எதிரில் யாரும் இல்லை. எனக்கு முன்னால் இரண்டடி தரை. அதற்குப் பிறகு பழைய கல்குவாரி, கீழே கறுப்பாகத் தண்ணீர். அவர் ஓடி வந்து என்னைப் பின்னால் இழுத்தார். அவர் பார்வை மட்டும் என்மேல் இல்லை. தண்ணீர் பக்கமே இருந்தது.

டீச்சர் வெலவெலத்துப் போய் எல்லோரையும் விசாரித்தார். ஒவ்வொருவரும் தான் யாரை அழைத்துப் போனோம் என்று சொன்னார்கள். என்னை யாரும் அழைத்துப் போகவில்லை. அதோடு முடியவில்லை. இதுவரை எந்த வாரமும், இடது ஓரத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரைத் தாங்கள் அழைத்துப் போனதே இல்லை என்றார்கள். வேறு யாராவது அழைத்துப் போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார்.

"முன்னாடி இந்த வகுப்பை நடத்தினவர்கிட்ட ராத்திரி பேசினேன்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு அந்தக் குவாரியில விழுந்து செத்துப்போச்சாம். கண்ணைக் கட்டின ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருக்கு. அவரை மரத்தடியில நிறுத்திட்டு, வழி பார்க்க முன்னால போயிருக்கு. அவர் கட்டை அவுக்காம, இருட்டற வரைக்கும் அங்கேயே நின்னாராம். வகுப்பு நடக்குதுன்னே நினைச்சிருக்கார். ரெண்டு பேருக்கும் அடுத்த மாசம் கல்யாணம் வேற." குரலைத் தாழ்த்தினார். "பேரெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லையாம்மா. அந்த மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் மெக்கானிக்னு மட்டும் சொன்னார்."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றேன்.

"யாருன்னு தெரிஞ்சேதான் போனீங்களா?"

"முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. அவ கை எனக்குத் தெரியாதா?"

அவ கை. என்னிடமே சொல்கிறார்.

"நேத்து நீங்க விடுன்னதும் விட்டுட்டாளே. எப்படி?"

"சும்மா விடல." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "சனிக்கிழமை மட்டும் வர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

நியாயமாகப் பார்த்தால் நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். வெறும் பொறாமை. செத்துப் போனவளுக்கு வாரத்தில் ஒருநாள் பங்கு கொடுக்க நான் என்ன ஏமாளியா? டீச்சர் வகுப்பை மூடிவிட்டார். அடுத்த சனிக்கிழமை நான் வீட்டை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்து ஐம்பதுக்கு அவர் கண்கள் மூடின.

வலது கை தானாக நீண்டது. விரல்கள் எதையோ கோத்துக்கொண்டன.

எழுந்தார். கண்ணைத் திறக்காமல் நடந்தார். மேசையில் இடிக்கவில்லை. நாற்காலியில் இடிக்கவில்லை. யாரோ வழி காட்டுவது போல, எங்கள் படுக்கையறைக்குள் போனார்.

கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

ஈரக் கல் வாசம் அடித்தது...

நான் வெளியே நின்று கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன். என் வீட்டில், என் அறைக் கதவை. உள்ளே அவர் யாரிடமோ மெதுவாகப் பேசிச் சிரிப்பது கேட்டது. இந்த மூன்று வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ஐந்து மணியானால் நானே கதவைத் திறந்து அவரைக் காட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.