விழுந்து பார்க்கிற அக்கா

ஆம்புலன்ஸ் நிலையத்தில் யாரை யாரோடு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் டூட்டி அக்கா. ஒன்பது வண்டி, மூன்று ஷிஃப்ட், வண்டிக்கு ஒரு டிரைவரும் ஒரு உதவியாளரும். ஐம்பத்துநான்கு பேருக்கும் ஐம்பத்துநான்கு குணம். எலியும் பூனையுமாக இருக்கிற இரண்டு பேரை ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் உள்ளே படுத்திருக்கிற நோயாளி பாடு திண்டாட்டம்தான். மேலாளர்கள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். டூட்டி அக்கா மட்டும் அதே நாற்காலியில் அதே பென்சிலோடு இருக்கிறார்.

நாற்பத்தெட்டு வயதில் பகலெல்லாம் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கடா என்று உட்கார வேண்டியதுதானே? மாட்டார். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதில் ஒரு கம்ப்யூட்டர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் சேர்ந்தே ஆட வேண்டிய ஒரு பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு ஜோடி சேர்க்க உட்கார்ந்துவிடுவார்.

விளையாட்டே ஆள் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் இணைய வேகமும் மதிப்பெண்ணும்தான். சகட்டுமேனிக்கு யாரையாவது கோத்துவிடும். பாதி வழியில் ஒருவர் கழன்றுகொள்வார், மற்றவர் நடுத்தெருவில் நிற்பார். இந்த அநியாயம் பொறுக்காமல்தான் அக்கா இணையத்தில் தனியாக ஒரு பக்கம் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், ஆனால் ஒரு சோதனை உண்டு. முதல் கட்டத்தை அக்காவோடு ஆட வேண்டும். அந்தக் கட்டத்தில் வருகிற ரயில் யார்டில் மூன்றாவது பெட்டியைத் தாண்டியதும் அக்கா பின்தங்குவார், வேண்டுமென்றே குண்டடி பட்டு விழுவார். "விழுந்துட்டேன்!" என்று மைக்கில் ஒரு கத்தல். நாற்பது நொடிக்குள் கூட்டாளி வந்து தூக்கிவிடாவிட்டால் ஆட்டம் காலி.

உடனே ஓடி வருகிறவர், எதிரியை முடித்துவிட்டு வருகிறவர், திட்டிக்கொண்டே வருகிறவர் என்று எல்லோரையும் நோட்டில் எழுதிவைப்பார். திட்டிக்கொண்டே வருகிறவர்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். கைவிடவே மாட்டார்களாம், டிரைவர்களிலும் அப்படித்தானாம். வராதவர்களுக்கு ஒரே ஒரு வரி போகும்: "உங்கள் துணை பின்னால் விழுந்தார், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை." அவ்வளவுதான். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஜோடி கிடைக்காது.

அவர் சேர்த்துவைத்த ஜோடிகள் நூற்றுக்கும் மேல். பாதியில் பிரிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"இன்னைக்கு எத்தனை தடவை விழுந்தே?"

"நாலு. மூணு பேர் தேறிட்டாங்க."

அந்த விளையாட்டின் சர்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரந்தரமாக மூடப்போகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சோதனைல தோத்தவன் நான். லேத் பட்டறைல வேலை. மச்சான் பக்கத்துல உக்காந்து ஆடினதால பதினோரு கட்டம் முடிச்சேன். அவரு வேலை மாறி வெளியூர் போயிட்டாரு. கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. விளையாட்டு சேத்துவிடுற ஆளுங்க நான் பதில் பேசலன்னு ரெண்டே நிமிஷத்துல போயிடுறாங்க. எனக்குக் காது கேக்காது. ஒரே ஒரு ஆள் போட்டுக் குடுங்க."

அக்கா நோட்டைப் புரட்டினார். இருந்தது. அவருடைய கையெழுத்தேதான்: லேத்துக்காரர், திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. பழைய விளையாட்டு அது. கூட்டாளி விழுந்தால் திரையில் எதுவும் காட்டாது, கத்தல்தான் கேட்கும். காது கேட்காத மனிதருக்குப் பின்னால் விழுந்து கத்திவிட்டு, வரவில்லை என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறார். ஆட்களை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னோடது. ஆள் தர்றது என் பொறுப்பு" என்று பதில் போட்டார்.

தேறியவர்களில் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தார். மூவரும் கையை விரித்தார்கள். கடைசிக் கட்டத்தில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, இரண்டு நெம்புகோலை ஒரே நொடியில் இழுக்க வேண்டும். எல்லோரும் வாயால் எண்ணித்தான் இழுப்பார்கள். "பேசாம எப்படிக்கா?" என்றார்கள். சரி, இனி யாரைக் கெஞ்சுவது என்று அக்காவே இறங்கினார்.

இதில் ஒரு கூத்து உண்டு. முதல் கட்டத்தில் நானூறு தடவைக்கு மேல் விழுந்து எழுந்திருக்கிறாரே தவிர, மற்றவர்களைச் சேர்த்துவைப்பதிலேயே பொழுது போய், இரண்டாவது கட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. நேராகப் பன்னிரண்டாவதில் குதித்தால் என்ன ஆகும்? தினமும் சாயங்காலம் அடி வாங்கினார். ஆனாலும் வழி கண்டுபிடித்தார்கள். துப்பாக்கியில் இருந்த டார்ச்சை வலை வழியாக மூன்று தடவை மினுக்குவது, மூன்றாவது மினுக்கலில் இழுப்பது. அது லேத்துக்காரர் சொன்ன யோசனை.

அந்த ஞாயிறும் வந்தது. மதியத்திலிருந்து நான்கு தடவை தோற்றார்கள். நான்கிலும் இருவரும் ஒன்றாகவே விழுந்து, நெம்புகோல் வரைக்குமே போகவில்லை. வீட்டுக்காரர் வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டு, அக்காவின் ஃபோனையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஐந்து நாற்பதுக்கு ஐந்தாவது தடவை ஆரம்பித்தார்கள். இதை விட்டால் இனி நேரமில்லை.

நீளமான சுரங்கப்பாதை. லேத்துக்காரர் முன்னால் போனார், அக்கா பின்னால். ஒரு வளைவில் பக்கவாட்டுக் கதவிலிருந்து வந்த குண்டை அக்கா பார்க்கவே இல்லை. விழுந்தார். சோதனைக்காக இல்லை, நிஜமாகவே.

வாய்வரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டார். யாருக்குக் கேட்கப்போகிறது? திரையில் லேத்துக்காரரின் முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. பதினோரு நாள் உழைப்பும் தன்னால் பாழாகப்போகிறது என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த முதுகு நின்றது. திரும்பியது.

ஓடி வந்தார் மனிதர். சுற்றிலும் சுட்டுக்கொண்டே வந்து, பன்னிரண்டு நொடி மிச்சம் இருக்கும்போது அக்காவைத் தூக்கிவிட்டார். அதற்கப்புறம் இருவரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டால் அக்காவுக்கே சொல்லத் தெரியாது. வலைக்கு இருபுறமும் நின்றார்கள். டார்ச் மினுங்கியது, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு நெம்புகோலும் ஒன்றாகக் கீழே இறங்கின. ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பெரிய இரும்புக் கதவு திறந்தது. திரையில் அவர்கள் இருவர் பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

அக்கா உடனே தட்டினார். "நான் விழுந்தது எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல அக்கா. சும்மாதான் திரும்பினேன். பின்னால விழுந்தவரைத் திரும்பிப் பாக்கலன்னு நீங்க எழுதினீங்க இல்ல? அன்னைலருந்து பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பாத்துடுவேன். யாரோட ஆடினாலும்."

அக்கா அதை ஆறு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறுக்குத் திரை கறுத்துவிட்டது. மணியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், வழக்கமான கேள்வியோடு.

"இன்னைக்கு எத்தனை தடவை விழுந்தே?"

"கடைசி ஆட்டத்துல ஒரே தடவைதாங்க" என்றவர், ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். "தேறிட்டாரு. நான்தான் தேறல."